அழைப்பு ஒருவருக்கு, பயணம் நால்வருக்கு

சபைகளுக்கு இடையே வரும் அழைப்புக் கடிதத்தில் பெரும்பாலும் போதகர் பெயர் மட்டும்தான் இருக்கும். எங்களுக்கு வந்ததும் அப்படித்தான். என் கணவரின் பெயர், பணியின் விவரம், எத்தனை ஆண்டு, கடைசியில் குடும்பத்தையும் அழைத்து வரலாம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் நானும் ஆறு வயது மகளும் மூன்று வயது மகனும் அடக்கம்.

நாங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். டி.இ.எல்.சி. என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமச் சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும் வட்டாரத்தில், என் கணவர் போதகராக இருந்தார். ஜெர்மனியின் லுத்தரன் சபைகளும் எங்கள் சபையும் பல தலைமுறைகளாகக் கூட்டுச் சபைகள். அங்கிருந்து மட்டும் ஆட்கள் வந்த காலம் போய், இப்போது இங்கிருந்தும் போதகர்கள் சில ஆண்டுகளுக்கு அங்கே ஊழியம் செய்யப் போகிறார்கள். அப்படித்தான் 2023 கோடையில் சாக்சனி மாநிலத்தில், லைப்சிக் நகரத்துக்கு ரயிலில் போய்வரும் தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

இனி கிளம்பப் போகும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் கூடப் போகிறவருக்காக. போதகருக்குப் பயிற்சி வகுப்பு வைக்கிறார்கள், வழிகாட்ட ஒரு மூத்த போதகரை நியமிக்கிறார்கள். கூடப் போகிறவருக்கு அதெல்லாம் கிடையாது.

சம்மதம் என்று பதில் எழுதுவதற்கு முன்பே கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிடுங்கள். ஊழியத்துக்குக் கூப்பிட்டால் கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று நம்மிடம் ஒரு எண்ணம் உண்டு. ஜெர்மானியர்கள் அப்படி நினைப்பதில்லை. ஒன்றுமே கேட்காதவரைப் பார்த்தால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வருகிறது. என் கணவர் கூச்சப்பட்டார். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், அவர் அதை மின்னஞ்சலில் அனுப்பினார். என் மொழி வகுப்புக்கு யார் பணம் கட்டுவார்கள்? அந்த நேரத்தில் சின்னவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? எனக்குத் தரும் குடியிருப்பு அனுமதியில் வேலைக்குப் போகலாமா? வீடு எங்கே, வெப்பமூட்டும் செலவு யாருடையது? ஊரில் ஒரு சாவு என்றால் விமான டிக்கெட்டை யார் எடுப்பார்கள்? எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டுப் பதில் வந்தது. சாவுக்கு டிக்கெட் எடுப்பதற்குக்கூட அவர்களிடம் ஒரு விதி தயாராக இருந்தது. பதில்களை அச்செடுத்து வைத்துக்கொண்டோம். பின்னால் நிர்வாகத்தில் ஆள் மாறியபோது அந்தத் தாள் உதவியது.

தாள் வேலையில் எங்களை அலைக்கழித்தது பெயர்தான். என் பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர், பிள்ளைகள் பாஸ்போர்ட்டில் அவர்கள் அப்பா பெயர், அவருடையதில் என் மாமனார் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் இருந்தால் ஜெர்மன் அலுவலகம் குழம்பிப் போகும். நாங்கள் கணவன் மனைவி என்பதையும், இவர்கள் எங்கள் பிள்ளைகள் என்பதையும் ஒவ்வொரு மேசையிலும் சான்றிதழ் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆகவே எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள். திருமணத்துக்குச் சபைப் பதிவேட்டின் நகலோடு நிறுத்தாமல் பதிவுத் துறைச் சான்றையும் வாங்குங்கள். ஆவணம் வெளிநாட்டில் செல்ல இந்தியாவில் குத்தும் அப்போஸ்டில் முத்திரையை ஜெர்மனி ஏற்பதில்லை. ஆவணத்தைத் தங்கள் தூதரகம் வழியாகச் சரிபார்க்கச் சொன்னால் அதற்கே மாதக்கணக்கில் ஆகும். கூடப் போகிறவரின் விசாவுக்குப் பொதுவாக ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் தேர்வும் கேட்பார்கள். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் எழுதலாம், ஆனால் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைத் துணிப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள். 2020 மார்ச் முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்கு ஆதாரம் காட்டாமல் மழலையர் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க முடியாது. ஆரம்ப சுகாதார நிலைய அட்டையில் நர்ஸ் கிறுக்கியிருக்கும் எழுத்தை அங்கே யாராலும் படிக்க முடியாது. கிளம்புவதற்கு முன் ஒரு மருத்துவரிடம் தெளிவாக ஆங்கிலத்தில் எழுதி, தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வந்ததும் செய்யும் வேலைகளை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, அவற்றைச் சபை அலுவலகமே கூட்டிப்போய் முடித்துக் கொடுக்கும். குடியேறிய 2 வாரத்துக்குள் ஊராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அப்புறம் வங்கி, மருத்துவக் காப்பீடு. அரசு முறைக் காப்பீட்டில் போதகர் பெயரில் கட்டினால், வருமானம் இல்லாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. இரவில் உயிருக்கு ஆபத்தில்லாத மருத்துவ உதவிக்கு 116117, உயிர் போகிற அவசரத்துக்கு 112. இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். பிள்ளைகள் தெரியாமல் பிறர் பொருளை உடைத்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு என்று ஒன்று உண்டு. அங்கே எல்லாரும் எடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் என் மகன் சைக்கிளை உரசியபோது ஏன் என்று புரிந்தது.

முகவரி பதியும் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். லுத்தரன் சபை என்று எழுதினால் சம்பளத்திலிருந்து சபை வரி பிடிப்பார்கள். சாக்சனியில் அது வருமான வரியில் 9 சதவீதம். அரசாங்கமே வசூலித்துச் சபைக்குக் கொடுக்கிறது. நம் ஊரில் சங்கக் காணிக்கை வசூலிக்க உபதேசியார் வீடு வீடாக நடப்பதைப் பார்த்த எனக்கு இது அதிசயமாக இருந்தது. இன்னொன்றும் இதிலிருந்து புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காணிக்கையில் சில்லறை விழுகிறதே என்று என் கணவர் முதலில் வருத்தப்பட்டார். அவர்கள் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள், அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இனி பிள்ளைகள். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன். முதல் வருடத்தில் எங்கள் ஊழியம் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்தது சின்னவனின் மழலையர் பள்ளிதான்.

நம் ஊரில் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு, அழுதாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்பார்கள். ஜெர்மனியில் பழக்குவதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு வகுப்பிலேயே உட்கார வேண்டும், ஒரு மணி நேரம் மட்டும். பிறகு சில நிமிடம் வெளியே போய் வர வேண்டும். அந்த நேரம் மெல்ல மெல்லக் கூடும். எப்போது கூட்டுவது என்று பிள்ளையைப் பார்த்து ஆசிரியைதான் முடிவெடுப்பார். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் கூட இருக்கும் பெற்றோருக்கு வேறு வேலை எதுவும் ஓடாது. போதகரின் பணி தொடங்கும் தேதியும் இதுவும் ஒரே சமயத்தில் வந்தால் முழுப் பாரமும் மனைவி தலையில் விழும். எங்களுக்கு வழிகாட்டிய மூத்த போதகர் ஒரு பெண். மூன்று பிள்ளை வளர்த்தவர். அவரே என் கணவரிடம், "முதல் மாதம் பிரசங்கம் வேண்டாம், காலையில் மகனோடு போய் உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டார். ஒரு போதகர் கால் மடக்கிக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து மரக்கட்டை அடுக்குவதை அந்த ஊர்த் தாய்மார்கள் எல்லாரும் பார்த்தார்கள். பிரசங்க மேடையில் ஏறுவதற்கு முன்பே அவரை ஊருக்குத் தெரிந்துவிட்டது. அங்கே உட்கார்ந்த நேரத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் நிறம், பழம், வாரநாள் எல்லாம் கற்றுக்கொண்டார். ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் தமிழ் கற்றதும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுதித்தானே என்று நான் கிண்டல் செய்வேன். அது 1706. திசை மட்டும் இப்போது மாறியிருக்கிறது.

மகள் ஆகஸ்ட்டில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். பள்ளி தொடங்குவதை அங்கே சின்னக் கல்யாணம் மாதிரி கொண்டாடுகிறார்கள். சனிக்கிழமை விழா, பிள்ளை உயரத்துக்கு ஒரு அட்டைக் கூம்பு, அதற்குள் மிட்டாயும் பென்சிலும். அதை வீட்டார்தான் தயார் செய்ய வேண்டும் என்று யாராவது முன்னமே சொன்னால்தான் நமக்குத் தெரியும். எங்களுக்குச் சபையின் ஒரு பாட்டி சொல்லி, கூடவே உட்கார்ந்து ஒட்டியும் கொடுத்தார். பள்ளியில் மத போதனை அல்லது நன்னெறி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போதகர் மகள் வகுப்பில் மத போதனைக்கு வந்தவர்கள் ஒரு கைப்பிடிதான். மீதிப் பேர் நன்னெறிக்குப் போனார்கள். அதைப் பார்த்து அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

ஆறு மாதத்தில் பிள்ளைகள் மொழியில் நம்மை முந்திவிடுவார்கள். அப்போது ஒரு ஆசை வரும், மருத்துவரிடமும் அலுவலகத்திலும் பிள்ளையை மொழிபெயர்க்க விடலாம் என்று. கடையில் பரவாயில்லை. மருத்துவரிடமும் பள்ளிக் கூட்டத்திலும் வேண்டவே வேண்டாம். அம்மாவின் நோயை ஏழு வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைக்கக் கூடாது. எனக்காக மருத்துவரிடம் வந்து ஆங்கிலத்தில் பேச ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியையைச் சபையிலேயே கேட்டு வாங்கினோம். கேட்டால் வருகிறார்கள். கேட்காமல் தாங்களாக வரத் தயங்குகிறார்கள். குளிர்ந்த மனிதர்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்வதில் பாதி இந்தத் தயக்கம்தான்.

ஊழியத்தைப் பற்றிச் சொல்வதென்றால், சாக்சனிக்குப் போகிறவர்கள் அந்த மண்ணின் கதையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். லுத்தரின் சீர்திருத்தம் வேர்விட்ட பூமி அது. அதே இடத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி 40 ஆண்டு இருந்தது. சபையில் சேர்ந்த பிள்ளைகளுக்கு மேற்படிப்பு மறுக்கப்பட்ட கதைகளை இப்போதும் பெரியவர்கள் சொல்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகள் சபையில் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தலுக்குப் பதிலாக அரசே இளைஞர் சடங்கு ஒன்றை நடத்தியது. ஆட்சி போன பிறகும் அந்தச் சடங்கு போகவில்லை. இன்று மாநிலத்தில் ஐந்தில் ஒருவர்கூட லுத்தரன் சபையில் இல்லை. ஆனாலும் 1989 அக்டோபர் 9 அன்று லைப்சிக் நிக்கோலாய் ஆலயத்தின் திங்கட்கிழமை ஜெபத்திலிருந்து கிளம்பிய கூட்டம்தான், வீதியில் பல்லாயிரமாகப் பெருகி, ஒரு துப்பாக்கிச் சூடுகூட இல்லாமல் அந்த ஆட்சியை அசைத்தது. எங்கள் சபையில் ஞாயிறன்று முப்பது பேர் உட்கார்ந்திருந்தால், அதில் அன்றைக்கு மெழுகுவத்தியோடு நடந்தவர் ஒருவராவது இருப்பார். ஆள் குறைவு என்று அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படும் எண்ணம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

வேலை முறையும் வேறு. நம் ஊரில் போதகர் சொல்லாமல் வீட்டுக்கு வந்தால் சந்தோஷம். அங்கே தொலைபேசியில் நாள் குறித்துக்கொண்டுதான் போக வேண்டும். படுக்கையில் இருப்பவருக்காக ஜெபிப்பதற்கு முன்னும் ஜெபிக்கலாமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்பவரும் உண்டு, அவரோடு காப்பி குடித்துவிட்டு வரலாம். பிரசங்கம் பதினைந்து நிமிடம். நாற்பது நிமிடம் பேசிப் பழகியவருக்கு அது பெரிய சோதனை. முழுவதையும் எழுதிப் படிப்பார், சனிக்கிழமை மாலை ஓய்வு பெற்ற ஒரு செவிலியர் இலக்கணம் திருத்துவார். நம்மிடம் ஒருவர் இறந்தால் மறுநாளே அடக்கம். அங்கே ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். பெரும்பாலும் எரித்த சாம்பலைத்தான் அடக்கம் செய்கிறார்கள். இடையில் போதகர் குடும்பத்தோடு உட்கார்ந்து இறந்தவரின் வாழ்க்கையை முழுக்கக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். என் கணவருக்கு மிகவும் பிடித்துப்போன வேலை இதுதான். கிராமத்தில் கல்லறைக்கு ஓடுகிற அவசரத்தில் இப்படி உட்கார்ந்து கேட்க நேரமே கிடைத்ததில்லை என்பார். நவம்பர் கடைசியில், சபை ஆண்டின் முடிவு ஞாயிறில், அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு ஏற்றுவார்கள். வருடம் முழுக்கக் கோயில் பக்கம் வராதவர்கள்கூட அன்றைக்கு வருவார்கள்.

மொழி புரியாத நாட்களில் என்னை உட்கார வைத்தது ராகம்தான். ஜெர்மன் மிஷனரி ஃபப்ரீசியஸ் ஐயர் 18ஆம் நூற்றாண்டில் தமிழாக்கிய ஞானப்பாட்டுகளை எங்கள் பாட்டிமார் மனப்பாடமாகப் பாடுவார்கள். அதே ராகங்களை ஆர்கனில் வாசிக்கும்போது, முன் வரிசையில் நான் தமிழில் பாடினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் ஆர்கன் வாசிப்பவர் வந்து இன்னும் எந்தெந்தப் பாட்டு தெரியும் என்று கேட்டார். கீர்த்தனைகளுக்கு மட்டும் அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். தாளம் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஊரில் நான் ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி. பெண்கள் சங்கம், ஓய்வுநாள் பள்ளி, கிறிஸ்துமஸ் நாடகம், சண்டை தீர்த்து வைப்பது, எல்லாம் என் பொறுப்பு. சம்பளம் இல்லை, ஆனால் மதிப்பு உண்டு. ஜெர்மனியில் போதகரின் மனைவி என்ற பதவியே கிடையாது. பக்கத்துச் சேகரத்துப் போதகரின் மனைவி பல் மருத்துவர், இன்னொரு போதகர் பெண், அவருடைய கணவர் தச்சர். அவர்களிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. என்னிடமும் எதிர்பார்க்கவில்லை. கேட்க விடுதலை மாதிரி இருக்கும். முதல் குளிர்காலத்தில் எனக்கு அது வேலை போனது போலவே இருந்தது. காலையில் மூவரும் கிளம்பிப் போனால் வீட்டில் நானும் ஹீட்டரும்தான். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சத்தம் போடக் கூடாது. ஊரிலிருந்து அம்மா வீடியோவில் கேட்பார், "சபையில உன்ன என்ன செய்யச் சொல்லியிருக்காங்க?" என்று. ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வராது.

இந்தக் கட்டத்தில் பலர் செய்வது, தமிழ் ஆட்களைத் தேடி அங்கேயே தங்கிவிடுவது. லைப்சிக்கில் படிக்க வந்த பிள்ளைகளும் கணினி வேலைக்காரர்களும் சேர்ந்து மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்கிறார்கள். அதற்குப் போவது மனதுக்கு மருந்து, கட்டாயம் போங்கள். ஆனால் வாரத்தின் மற்ற நாட்களை உள்ளூரில் வையுங்கள். எனக்கு வழி திறந்தது அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பில். 600 மணி மொழி, 100 மணி நாட்டின் சட்டமும் வரலாறும். உக்ரைன், சிரியா, ஆப்கானிஸ்தான் பெண்களோடு ஒரே பெஞ்சு. ஐயரம்மாவாக இல்லாமல் வெறும் மாணவியாக உட்கார்ந்தது வாழ்க்கையில் வெகுநாள் கழித்து அப்போதுதான். அங்கே பழகிய தோழிகள்தான் பின்னால் எங்கள் சபைக் கூடத்துக்குக் காப்பி குடிக்க வந்தார்கள். அவர்களை வரவழைக்க எந்தக் குழுவும் கூடித் தீர்மானம் போடவில்லை.

சபைக்குள் எனக்கு இடம் கிடைத்தது உலக ஜெபநாளில். மார்ச் முதல் வெள்ளிக்கிழமை, உலகம் முழுக்க ஒரே ஆராதனை முறை, ஒவ்வொரு ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் அதை எழுதித் தருவார்கள். ஊரில் வருடா வருடம் நடத்தியிருக்கிறேன், கண் மூடிக்கொண்டு நடத்துவேன். ஜெர்மனியில் ஆராதனை முடிந்ததும் அந்த நாட்டு உணவைச் சமைத்துப் பரிமாறும் வழக்கமும் உண்டு. 2025இல் குக் தீவுகளின் முறை. எல்லாவற்றிலும் தேங்காய். ஆயத்தக் கூட்டத்தில் எட்டுப் பத்துப் பெண்கள் ஒரு தேங்காயைச் சுற்றி நின்று, சுத்தியலா ரம்பமா என்று தீவிரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இணையத்தில் படமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை வாங்கி, கல் படிக்கட்டில் சுற்றித் தட்டி இரண்டாகப் பிளந்து கொடுத்தேன். அரங்கம் கைதட்டியது! சபைக்கு வந்து ஒன்றரை வருடம் கழித்து எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் ஒரு தேங்காய்க்கு. அப்புறம் துருவுவது, பால் எடுப்பது எல்லாம் என் தலைமையில்தான். அடுத்த வாரமே பிள்ளைகளுக்கான வாரநாள் வேத வகுப்பில் கைவேலை சொல்லித்தர முடியுமா என்று கேட்டார்கள். இப்போது அது என் வேலை, சிறு ஊதியமும் உண்டு.

ஆகவே கூடப் போகிறவர் முதல் வருடம் சபையில் பொறுப்பு தேடி அலைய வேண்டாம். மொழிக்கு அந்த வருடத்தைக் கொடுங்கள். சபையும் அதற்குப் பணம் கட்டச் சம்மதிக்க வேண்டும். என்னைக் கேட்டால், போதகரின் மொழிப் பயிற்சியைவிட மனைவியினுடையது முக்கியம். அவருக்குச் சபையில் நாள் முழுக்கப் பேச ஆள் உண்டு.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பாவில் இருக்கிறார்கள் என்றதும் ஊரில் கை நீளும். தம்பி படிப்பு, சித்தி ஆபரேஷன், பழைய சேகரத்துக் கோயில் ஓடு. கேட்பவர்கள் மேல் குறை இல்லை. ரூபாயாக மாற்றிப் பார்த்தால் எங்கள் சம்பளம் அவர்களுக்கு மலை. ஆனால் வாடகையும் வெப்பமும் யூரோவில்தான். மாதம் இவ்வளவு என்று கணவனும் மனைவியும் முன்பே பேசி முடித்து, ஊரில் ஒருவரிடம் அதைப் பங்கிடும் பொறுப்பைக் கொடுத்தோம். என் நாத்தனார். யாருக்கு உண்மையில் அவசரம் என்று அவருக்குத்தான் தெரியும். போக்குவரத்துக்கு நாடு முழுக்கச் செல்லும் மாதாந்திர டிக்கெட் நாங்கள் வந்தபோது 49 யூரோ, 2025இல் 58 ஆனது. கார் வாங்கும் யோசனை இருந்தால், இந்திய ஓட்டுநர் உரிமம் அங்கே 6 மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும்.

சொல்லாமல் விடக் கூடாத ஒன்று. 2024 செப்டம்பர் மாநிலத் தேர்தலில், குடியேறிகளை எதிர்க்கும் கட்சி சாக்சனியில் சுமார் 30 சதவீத வாக்கு வாங்கியது. அந்த வாக்காளர்கள் எங்கோ இல்லை, எங்கள் தெருவில் இருக்கிறார்கள், சிலர் எங்கள் சபையிலும் இருக்கலாம். டிராமில் ஒருமுறை ஒருவர் என் மகளைப் பார்த்துக் கத்தினார். பக்கத்திலிருந்த பெண்மணி எழுந்து எங்களுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் மழுப்பாமல் பேசினோம். மறுநாள் மூத்த போதகரிடமும் பள்ளியிலும் சொன்னோம். இப்படி நடந்தால் மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். விருந்தாளி குறை சொல்லக் கூடாது என்ற நம் நாகரிகம் இந்த விஷயத்தில் பிள்ளைக்கு உதவாது. எந்த வழியில் மாலையில் போக வேண்டாம் என்பதையும் உள்ளூர்க்காரர்களிடம் நேராகவே கேளுங்கள், நேராகவே சொல்வார்கள்.

விடுமுறையில் பிள்ளைகளை சீகன்பால்க் பிறந்த புல்ஸ்நிட்ஸ் ஊருக்குக் கூட்டிப்போனோம். இஞ்சி மசாலா ரொட்டிக்குப் பேர்போன குட்டி ஊர். அவர் பெயரை எங்கள் மகள் மூன்று வயதிலேயே சொல்வாள். சாக்சனியில் எங்கள் சபையிலேயே பலருக்கு அவரைத் தெரியவில்லை. ஹாலே நகரில் ஃபிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன என்று சொன்னபோது ஆச்சரியப்பட்டார்கள். பிறகு சபையிலிருந்து ஒரு பேருந்து ஏற்பாடு செய்து எல்லாருமாகப் போனோம். அன்று வழிகாட்டி என் கணவர்.

பிள்ளைகளின் தமிழைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். வீட்டுக்குள் தமிழ் மட்டும் என்ற விதியை வைத்திருக்கிறோம். பேச்சு நிற்கிறது, எழுத்துதான் நழுவுகிறது. தினமும் இரவு குடும்ப ஜெபத்தில் மகள் தமிழ் வேதாகமத்தில் ஒரு பத்தி வாசிப்பாள். அவளுக்குச் சுவிசேஷங்கள் எளிது, பவுலின் நிருபங்கள் பாடாய்ப் படுத்துகின்றன. சின்னவன் இன்னும் எழுத்துக்கூட்டும் நிலையில்தான் இருக்கிறான். ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போது அவன் இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ சேர வேண்டும், தமிழில் பின்தங்கியிருப்பான். அதனால் கிளம்புவதற்கு ஒரு வருடம் முன்பே, ஊர்ப் பள்ளியின் பாடப்புத்தகத்தை வரவழைத்துத் தொடங்க முடிவு செய்திருக்கிறோம். பள்ளி மதிப்பெண் சான்றுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாங்குவது, ஓய்வூதியக் கணக்கு எண் வந்த கடிதத்தைப் பத்திரமாக வைப்பது, முகவரிப் பதிவை நீக்கிவிட்டுக் கிளம்புவது, இவையெல்லாம் அந்த ஒரு வருடத்தில் அடங்கும். திரும்பிப் போனதும் என் கணவருக்கு எந்தச் சேகரம் என்பதை மட்டும் பேராயர் அலுவலகம் கடைசி மாதத்தில்தான் சொல்லும், அது எப்போதும் அப்படித்தான்.